அக்கா தங்கை இல்லாத தாய்மாமன்

பெரம்பலூர் மாவட்டத்திலேயே அதிகப் பிள்ளைகளுக்குத் தாய்மாமன் யார் என்று ஒரு போட்டி வைத்தால், எனக்குத் தெரிந்த ஒருவரை அடிக்க ஆள் கிடையாது. அவருக்கு அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை. வீட்டுக்கு ஒரே பிள்ளை. ஆனாலும் வாலிகண்டபுரத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்தின் அரசு மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் அத்தனை பிள்ளைகளுக்கும் அவர்தான் மாமா. பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். தலைமையாசிரியருக்கு மாமா, சத்துணவு அமைப்பாளருக்கு மாமா, பால் ஊற்றுகிறவருக்கு மாமா. ஒருமுறை பள்ளியைப் பார்வையிட வந்த கல்வி அதிகாரி கிளம்பும்போது "வரேங்க மாமா" என்று சொல்லிவிட்டு, ஜீப்பில் ஏறிய பிறகுதான் தான் சொன்னதை உணர்ந்தாராம். அவருக்கென்று ஒரு பெயர் இருக்கத்தான் செய்யும். நான் அங்கே வேலை பார்த்த காலம் முழுவதும் அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஊர்ப் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் தன்னைக் கேட்காமல் எழுதியதற்காக மாமா கோபித்துக்கொள்வார். எழுதாவிட்டால் ஊரை மறைத்துவிட்டதாகக் கோபித்துக்கொள்வார். இரண்டாவது கோபம் சீக்கிரம் ஆறிவிடும் என்பது என் கணிப்பு.

அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் ஆய்வகத்தில் அவர் பெரிய அதிகாரி. கம்பெனி குவார்ட்டர்ஸ், குளிர்சாதன அறை, கீழே வேலை பார்க்க ஆட்கள் என்று எல்லாம் உண்டு. ஆனால் சனிக்கிழமை வந்தால் பைக்கை எடுத்துக்கொண்டு சொந்த ஊருக்கு வந்துவிடுவார். ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தி, போட்டிருக்கும் பேண்ட்டுக்கு மேலேயே ஒரு வெள்ளை வேட்டியைச் சுற்றிக்கொண்டு, தோளில் துண்டைப் போட்டுக்கொள்வார். மாமன் என்றால் மாமன் மாதிரி வர வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் மனைவிக்கு இதில் ஒரே ஒரு குறைதான். "இவரு சீர் வைக்காத எடம் எங்க வூடு ஒண்ணுதாங்க டீச்சர்" என்பார்.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி, அறிவியல் ஆசிரியை. விழா, ஊர்வலம், மாலை மரியாதை என்றாலே எனக்கு ஆகாது. அந்தப் பள்ளிக்கு மாற்றலாகிப் போன முதல் வருடமே ஆண்டு விழா வந்தது. அப்போது தலைமையாசிரியரும் புதிதாக வந்தவர், கணக்கு வாத்தியார். எல்லோருக்கும் அனுப்பியதுபோல மாமாவுக்கும் அழைப்பிதழை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். விழா அன்று பந்தல் தயார், பிள்ளைகள் ஒப்பனையோடு தயார், சிறப்பு விருந்தினரும் வந்து உட்கார்ந்துவிட்டார். மைக் மட்டும் வேலை செய்யவில்லை. மைக் செட்காரரோ பெட்டி மேல் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டால், மாமா சொல்லாமல் போட முடியாது என்கிறார். மாமா எங்கே என்று பார்த்தால், பள்ளி வாசலுக்கு வெளியே புளியமரத்தடியில், பைக் மேல், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்.

சத்துணவு அமைப்பாளர்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தார். "மாமா கோவிச்சுக்கிட்டாருங்க. தாய்மாமன யாராவது போன்ல அழைப்பாங்களா? தட்டுல வெத்தல பாக்கு வச்சு நேர்ல போயி கூப்புடணும்."

தலைமையாசிரியர் இதற்கு ஏதாவது அரசாணை உண்டா என்று கேட்டார். அமைப்பாளர் நிதானமாக யோசித்துவிட்டு, அரசாணை இல்லை, ஆனால் மைக்கும் இல்லை என்றார். கடைசியில் கணக்கு வாத்தியார் கையில் தட்டோடு வெயிலில் புளியமரத்தை நோக்கி நடந்ததை ஆசிரியர்கள் நாங்கள் எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். மாமா தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல, ஏன் சார் வெயிலில் நிற்கிறீர்கள் என்று அக்கறையாக விசாரித்து, அவர் தோளில் கை போட்டு உள்ளே அழைத்து வந்தார். அந்த நிமிடமே மைக் ஊளையிட ஆரம்பித்தது.

அந்தப் பக்கத்துக் கிராமங்களில் கல்விச் சீர் என்று ஒரு வழக்கம் உண்டு. கல்யாண வீட்டுக்குச் சீர் கொண்டுபோவதுபோல, ஊர்க்காரர்கள் மேளதாளத்தோடு அரசுப் பள்ளிக்கு நாற்காலி, பீரோ, மின்விசிறி என்று கொண்டுபோய்க் கொடுப்பார்கள். மற்ற ஊர்களில் அது எப்போதாவது நடக்கும். அந்த ஊரில் மாமா இருந்ததால் வருடம் தவறாது. முன்னால் மேளம், அதற்குப் பின்னால் வாழைப்பழத் தட்டு, பூத்தட்டு, அதற்கும் பின்னால் சந்தனம் பூசிய பெஞ்சுகள், மாலை போட்ட கரும்பலகை, குங்குமம் வைத்த தண்ணீர்த் தொட்டி. மாமா எல்லாவற்றுக்கும் நடுவில், கல்யாணப் பெண்ணை அழைத்து வருகிற மாதிரி, இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டே வருவார்.

ஒரு வருடம் சீர்வரிசையின் நடுவே கழிப்பறைப் பீங்கான்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் மஞ்சள், குங்குமம், கழுத்தில்லாத குறையை ஈடுகட்டச் சுற்றிலும் மல்லிகைச் சரம். தலையில் துண்டைச் சும்மாடு கட்டி ஆட்கள் அவற்றைத் தூக்கிக்கொண்டு கடைத்தெரு வழியாக வந்தார்கள். தேங்காய் உடைக்க வேண்டும் என்று மாமா சொல்ல, பூசாரி அந்தப் பக்கமே வரமாட்டேன் என்று வயலுக்குப் போய்விட்டார். ஊர்ப் பெரியவர் ஒருவர் வழிமறித்து, சீராக வைக்கிற பொருளுக்குத்தான் பொட்டு வைக்க வேண்டும், இதற்கெல்லாமா வைப்பது என்று சத்தம் போட்டார். மாமா மேளத்தை நிறுத்தச் சொன்னார்.

"பெரியவரே, ஒங்க பேத்தி காலையில ஒரு சொட்டுத் தண்ணி குடிக்காம பள்ளிக்கூடம் வருது. ஏன்னு கேட்டிருக்கீங்களா? ஒதுங்க எடம் இல்லன்னுதான். நான் வேற எதுக்குப் பொட்டு வைக்கணும்னு சொல்லுங்க, வச்சுடுறேன்."

பெரியவர் வழிவிட்டார். வழிவிட்டது மட்டுமில்லை, பள்ளிக்கூடம் வரைக்கும் ஊர்வலத்தோடு நடந்தும் வந்தார். சிறப்பாசிரியர் ஒருவர் மட்டும், கட்டி முடித்த பிறகு திறப்பு விழாவை எப்படிச் செய்வது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

விழா என்றால் மாமா பேசுவார். ஒவ்வொரு வருடமும் ஒரே பேச்சு. பிள்ளைகளுக்கு மனப்பாடம். அவர் வாயைத் திறக்கும்போது கீழே அத்தனை வாய்களும் சத்தமில்லாமல் கூடவே அசையும். அவர் அதே பள்ளியில் படித்தவர். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார், அம்மா பருத்தி எடுக்கப் போகிற கூலி. அவர் பள்ளிக்கு வந்தது படிக்க அல்ல, மதியச் சாப்பாட்டுக்கு. தட்டைப் பைக்குள் முதலில் வைத்துவிட்டுத்தான் புத்தகத்தை வைப்பாராம். பந்த் அன்று பள்ளி இல்லை என்பது தெரியாமல் வந்து, தட்டோடு மதியம் வரை சமையல்கூடத்து வாசலில் உட்கார்ந்திருந்தாராம். பத்தாம் வகுப்பில் வேண்டுமென்றே பெயிலாகிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். அப்போது அந்தப் பள்ளி பத்தாவது வரைதான்; பாஸானால் பள்ளியை விட்டுப் போக வேண்டியிருக்கும், சாப்பாடு போய்விடும். அப்போது சமையல்கார அம்மா, பாஸ் பண்ணினால் பெரம்பலூரில் அரசு மாணவர் விடுதி இருக்கிறது, அங்கே மூன்று வேளையும் சோறு போடுவார்கள் என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். "மூணு வேளையா?" என்று மாமா மேடையில் கேட்பார். பிள்ளைகள் எல்லோரும் "மூணு வேளையா?" என்று திருப்பிக் கத்துவார்கள். அந்த வருடம் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் அவர்தான். படிப்பின் மேல் அவருக்கு வந்த காதல் முழுக்க முழுக்க வயிற்றின் வழியாக வந்தது.

மைக் இல்லாமல் அவர் சொன்ன கதை வேறு. ஒரு சனிக்கிழமை மழைக்கு ஒதுங்கி ஆய்வகத்தில் நின்றபோது, ஏன் இப்படிப் பள்ளிக்குப் பள்ளிக்கு என்று சீர் சுமக்கிறீர்கள் என்று எரிச்சலோடுதான் கேட்டேன். அவர் ஜன்னலில் வழிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"திருச்சி காலேஜ்ல எடம் கெடைச்சு நான் பொறப்படுற அன்னிக்கு, யாராவது மாமன் இருந்தா பெட்டி படுக்கைன்னு வாங்கிக் குடுத்து அனுப்புவாங்க. எங்க அம்மாவுக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்ல டீச்சர். வெக்கப்பட்டுக்கிட்டு வெளியவே வரல, உள்ளயே நின்னுச்சு. தெருப் பொம்பளைங்க எப்படியோ தெரிஞ்சுக்கிட்டாங்க. ஒரு அம்மா வாளி, ஒரு அம்மா தலவாணி, இன்னொருத்தவங்க ஊறுகா பாட்டிலு. சும்மா குடுத்தா எங்க அம்மா வாங்காதுன்னு, தட்டுல வச்சு, பூ வச்சு, கொலவ போட்டுக்கிட்டே பஸ் ஏத்த வந்தாங்க. வாளிக்குக்கூடப் பூ."

அதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். பிறகு, "சீரு வாங்குனா திருப்பி வைக்கணும்ல? வைக்கிறதுக்கு எனக்குத்தான் அக்கா தங்கச்சி இல்லயே. அதான் மொத்தமா பள்ளிக்கூடத்துக்கே வச்சுக்கிட்டிருக்கேன்" என்றார். அவர் மேல் இருந்த எரிச்சலில் பாதி அன்றோடு போயிற்று. மீதிப் பாதி போகவில்லை, ஏனென்றால் மழை விட்டதும் அவர் என் ஆய்வகத்துப் புதுக் குடுவைகளுக்கு வரிசையாகக் குங்குமம் வைக்க ஆரம்பித்துவிட்டார்.

அந்த ஊரில் உடன்பிறந்தான் இல்லாத பெண்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் காது குத்த அவர் மடியைத்தான் கேட்பார்கள். எந்தத் தெரு என்று அவர் பார்ப்பதில்லை. அஞ்சலை என்றொரு பெண். அவளுக்கும் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. கணவர் முருகேசன் சின்ன வெங்காயம் போடுகிற விவசாயி, நல்ல மனிதர், முன்கோபி. இவர்களுடைய ஒரே மகள் சங்கீதாவுக்கு மாமா மடியில்தான் காது குத்தினார்கள். அவள் பெரியவளானபோது மாமன் சீரும் அவருடையதுதான். தட்டுத் தட்டாகத் துணி மூடி வந்ததைப் பார்த்துப் பெண்கள் கூட்டம் ஆவலோடு நெருங்கியது. திறந்தால் ஒரு தட்டில் உலக உருண்டை, ஒரு தட்டில் மேசை விளக்கு, இன்னொன்றில் அகராதி. பட்டுப்புடவை எங்கே என்று ஒரு பாட்டி கேட்டார். அதுவும் இருக்கிறது என்று அகராதிக்குக் கீழே இருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். சங்கீதா பச்சை ஓலைப் பந்தலுக்குள் உட்கார்ந்து, வந்தவர்களைக் கவனிக்காமல் உலகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சங்கீதா பன்னிரண்டாம் வகுப்பில் என்னிடம்தான் உயிரியல் படித்தாள். அதிகம் பேச மாட்டாள், கேள்வி மட்டும் கேட்பாள். வெங்காயத்தில் வருகிற நுனிக் கருகல் பற்றி அவள் கேட்ட ஒரு கேள்விக்கு நான் மறுநாள்தான் பதில் சொன்னேன். நல்ல மதிப்பெண் வாங்கினாள். கலந்தாய்வில் விவசாயக் கல்லூரியில் இடமும் கிடைத்தது. அந்தப் பள்ளியில் அதுவரை யாருக்கும் கிடைக்காத இடம். இனிப்பு வாங்கி வரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டு நாங்கள் உட்கார்ந்திருந்தபோது, இனிப்புக்கு முன்னால் செய்தி வந்தது. முருகேசன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். பையன் ஜெயங்கொண்டம் பக்கம், சிங்கப்பூரில் வேலை. ஆவணியில் லீவில் வருகிறான், அப்போதே கல்யாணம்.

தலைமையாசிரியரும் நானும், வீட்டை ஒட்டி வெங்காயத்தைக் குவித்து வைத்திருக்கும் பட்டறைக்கே போய் முருகேசனிடம் பேசினோம். அவர் எங்களை உட்கார வைத்து, மோர் கொடுத்து, பொறுமையாகத்தான் சொன்னார். "நான் வெங்காயம் போடுறதுக்கு எந்தக் காலேஜுக்குப் போனேன் டீச்சர்? இந்தப் பையன விட்டா அடுத்த லீவுக்கு எத்தன வருஷமோ. நல்ல எடம். எனக்கு இருக்குறது ஒரே புள்ள. அதுக்கு நல்லது பண்ணணும்னு எனக்கு இருக்காதா?" அவர் கண்ணில் பொய் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டு வெங்காயத் தாளை அறுத்துக்கொண்டே இருந்தாள். வாசல் வரை வழியனுப்ப வந்த சங்கீதா ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "டீச்சர், எனக்குப் போவணும்."

நேராக மாமாவிடம் போனோம். ஊரையே மிரட்டுகிற ஆள், முருகேசனை நாலு வார்த்தை கேட்பார் என்று நம்பினோம். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும், மாமா முகம் சிவந்தது. எங்களுக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு அவர் கேட்டார்: "மாப்புள்ள பாத்தாச்சு, நாளு குறிச்சாச்சு. மாமன் எனக்கு ஒரு வார்த்த சொன்னாங்களா?"

அவ்வளவுதான். அவருக்கு அழைப்புத்தான் பிரச்னை. ஒரு பெண்ணின் படிப்பு போகிறது, இவர் வெற்றிலை பாக்குக்குக் காத்திருக்கிறார். அடுத்த வாரமே முருகேசன் தட்டோடு அரியலூர் குவார்ட்டர்ஸுக்குப் போய், நிச்சயத்தை முன்னால் நின்று நடத்திக் கொடுக்க வேண்டும் என்று அழைத்திருக்கிறார். மாமா வாயெல்லாம் பல்லாக, "நான் இல்லாமயா? மாமன் சீர நிச்சயத்துக்கே கொண்டாந்துடுறேன்" என்று சொன்னாராம். அதைக் கேள்விப்பட்டதும் எனக்கு வந்த கோபத்தை இப்போதும் என்னால் சொல்ல முடியும். அந்தச் சனிக்கிழமை அவர் பள்ளிக்கு வந்தபோது நான் ஆய்வகக் கதவைச் சாத்திக்கொண்டேன். அவர் வெளியே நின்று, டீச்சரும் கோபித்துக்கொள்ளக் கற்றுக்கொண்டார் என்று பியூனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நிச்சயத்துக்கு எனக்கும் அழைப்பு. போக விருப்பமில்லை. சங்கீதாவுக்காகப் போனேன். ஜெயங்கொண்டத்திலிருந்து வேன் நிறைய மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை சிங்கப்பூரில் இருந்ததால், யாரோ ஒருவர் கையில் இருந்த போனில் வீடியோவில் இருந்தார். அவர்கள் பக்கத்திலும் ஒரு தாய்மாமன் உண்டு. பெரிய மீசை, கையில் கைத்தடி. வந்ததிலிருந்தே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். தனக்குக் கொடுப்பதற்கு முன்னால் வேன் டிரைவருக்குக் காபி கொடுத்துவிட்டார்கள் என்பது காரணம்.

மேளச் சத்தம் தெருமுனையில் கேட்டது. மாமா வந்துகொண்டிருந்தார். பேண்ட் இல்லாத அசல் பட்டுவேட்டி. பின்னால் பெண்கள் தலைக்குத் தலை தட்டு, எல்லாம் சிவப்புத் துணி போட்டு மூடியவை. ஒரு பெரிய தகரப் பெட்டியை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். நிச்சயத்துக்கே இவ்வளவு சீரா என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்து நின்றுவிட்டார்கள். முருகேசனுக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லாவற்றையும் நடுக்கூடத்தில் இறக்கி வைத்து, மாமா கும்பிட்டுவிட்டு, ஒவ்வொரு துணியாக எடுத்தார்.

பாய். போர்வை. கொசுவலை. வெள்ளை லேப் கோட். துணி காயப்போடுகிற கயிறு, கிளிப்போடு. சூடு போகாத பிளாஸ்க். பெரிய பூட்டு ஒன்று. கடைசித் தட்டில், சேற்றில் நடப்பதற்குப் போடுகிற முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் ஜோடி, சந்தனம் குங்குமத்தோடு.

மாப்பிள்ளையின் அம்மா அந்த பூட்ஸைப் பார்த்தார், பிறகு மகன் தெரிந்த போனைப் பார்த்தார். இது என்ன சீர் என்று மெதுவாகக் கேட்டார்.

மாமா மிக மரியாதையாகப் பதில் சொன்னார். "பொண்ணு போற எடத்துக்கு என்ன வேணுமோ அத வைக்கிறதுதானம்மா மாமன் சீரு. பொண்ணு இப்ப விவசாயக் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போவுது. அங்க பட்டுப்பொடவ உடுத்துனா சேத்துல எறங்க முடியாது. அதான் பூட்ஸு."

முருகேசன் குதித்துவிட்டார். கல்யாணத்துக்குச் சீர் வைக்கத்தான் அழைத்தேன், மானத்தை வாங்கவா அழைத்தேன் என்று கத்தினார். மாமா அசையவில்லை. கல்யாணச் சீரும் வைப்பேன், அவள் படித்து முடித்து வரட்டும், ஒரு சீர் நடக்கும்போது அடுத்த சீர் வைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம் என்றார். அப்படி ஒரு வழக்கம் எங்கேயும் கிடையாது என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் சொன்ன தோரணையில் ஒருவருக்கும் அதை மறுக்கத் தைரியம் வரவில்லை.

"எடுங்க எல்லாத்தையும். திருப்பி எடுத்துட்டுப் போங்க" என்றார் முருகேசன்.

அப்போதுதான் நடக்கக் கூடாதது நடந்தது. அதாவது, முருகேசனுக்கு நடக்கக் கூடாதது. மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் கைத்தடியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி எழுந்தார்.

"இருங்க. மாமன் கொண்டாந்த சீர வாசலோட திருப்பி அனுப்புற வூட்டுல என் மருமவனுக்குப் பொண்ணு எடுக்க நான் ஒத்துக்க மாட்டேன். இன்னிக்கு இவருக்கு நடந்தது நாளைக்கு எனக்கு நடக்காதா? ஏற்கனவே காபி விஷயத்துல நான் பேசாம இருக்கேன்."

மாப்பிள்ளையின் அம்மா தன் அண்ணனை அடக்கப் பார்த்தார். அவர் அடங்குகிற ஆளாக இல்லை. மாமனுக்கு மதிப்பில்லாத கல்யாணத்தில் தான் மாலை எடுத்துக் கொடுக்க முடியாது என்றார். எங்கள் மாமா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவரும் இவர் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் வேப்பமரத்தடிக்குப் போய், உலகத்தில் மாமன்மாருக்கு இழைக்கப்படும் அநியாயங்களைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள். காபி இரண்டு முறை போயிற்று, முதலில் அவர்களுக்கு.

இதற்கிடையில் போனில் இருந்த மாப்பிள்ளையை எல்லோரும் மறந்துவிட்டிருந்தார்கள். சங்கீதாதான் அந்த போனை வாங்கி, ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவன் சொன்னது மட்டும் கூடத்துக்கே கேட்டது. "படிக்கட்டும்மா. அந்தப் புள்ளைக்கு சீட்டு கெடைச்சது எனக்கே இப்பதான் தெரியுது. என்னைய யாரு கேட்டீங்க?"

படித்து முடித்து வரட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. கல்யாணப் பேச்சில் அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் யாரையும் அவமானப்படுத்தவில்லை, எல்லோரும் சாப்பிட்டார்கள், வேன் கிளம்பியது. போகும்போது மீசைக்காரர் எங்கள் மாமாவிடம் அந்த பூட்ஸ் எங்கே கிடைக்கும் என்று கேட்டு வைத்துக்கொண்டார். அவருக்கும் வயல் இருந்தது.

முருகேசன் மட்டும் ஆறவில்லை. மாமாவோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். எப்படியோ போங்கள் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வெங்காயப் பட்டறைக்குப் போய்விட்டார். நான் பயந்துகொண்டேதான் இருந்தேன். ஊர் முன்னால் தோற்ற மனிதர் வீட்டுக்குள் என்ன சொல்வாரோ, அந்தப் பெண் கடைசி நாள் வரை வாசலைத் தாண்டுவாளோ மாட்டாளோ என்று. கல்லூரியில் சேர வேண்டிய நாள் காலையில் மாமா வாடகை வேனோடு வந்து தெருமுனையிலேயே நின்றுகொண்டார். இத்தனை நடந்த பிறகு வாசலுக்குப் போக அவருக்கும் தயக்கம். நான்தான் உள்ளே போனேன். முருகேசன் அந்தத் தகரப் பெட்டியைக் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மகளிடம், "அந்த பூட்ஸப் போட்டுப் பாத்தியா? சேத்துல லூஸா இருந்தா கழண்டுக்கும். சாக்ஸ் போட்டுக்க" என்றார். பிறகு பெட்டியைத் தோளில் வைத்துத் தெருமுனை வரை தானே தூக்கிக்கொண்டு வந்து, மாமாவைப் பார்க்காமலேயே வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பி நடந்தார். மாமாவும் அவரைப் பார்க்காததுபோலவே பெட்டியின் மறுமுனையைப் பிடித்தார்.

சங்கீதா, அஞ்சலை, மாமா, நான். பாடாலூர் தாண்டும்வரை மாமா பேசிக்கொண்டே வந்தார். ஹாஸ்டலில் எந்தக் கட்டிலைப் பிடிக்க வேண்டும், குழம்பு தண்ணியாக இருந்தால் யாரிடம் சொல்ல வேண்டும், துணிக்கயிற்றை எங்கே கட்டக் கூடாது என்று ஒன்று விடாமல் பாடம். அஞ்சலை ஊரை விட்டு அவ்வளவு தூரம் வந்ததில்லை. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தாள். கல்லூரிக்கு உள்ளே போனதும் இன்னும் ஒடுங்கிப்போனாள்.

ஹாஸ்டல் வாசலில் வார்டன் அம்மா கண்டிப்பானவர். இனி மாணவியைப் பார்க்க வருகிறவர்கள் யார் யார், என்ன உறவு என்று நிற்க வைத்துக் கேட்டார். சொந்தக்காரர்களைத் தவிர வேறு யாரையும் விட மாட்டார்களாம். அம்மா அஞ்சலை, சரி. டீச்சர் நான், எனக்கு அனுமதி இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். பிறகு மாமாவைப் பார்த்து, நீங்கள் யார் என்றார்.

"தாய்மாமன்" என்றார் மாமா, துண்டைச் சரிசெய்துகொண்டு.

வார்டன் அம்மாவுக்குப் பழக்கம் போலிருக்கிறது. எல்லோரும் மாமா, சித்தப்பா என்றுதான் சொல்கிறார்கள், சொந்தத் தாய்மாமனா என்று கேட்டார். மாமா வாயைத் திறந்தார். மைக்கை நிறுத்தியவர், ஊர்வலம் விட்டவர், இல்லாத வழக்கத்தை அடித்துச் சொல்லி நிச்சயத்தையே நிறுத்தியவர், அந்தக் கேள்விக்கு மட்டும் தடுமாறினார். பொய் சொல்லக் கூச்சம் போல.

அஞ்சலை முன்னால் வந்தாள். முந்தானையை விட்டுவிட்டு, வார்டன் அம்மாவை நேராகப் பார்த்தாள்.

"எங்கண்ணன்தாங்க" என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, "ஏண்ணே பேசாம நிக்கிற, சொல்லேன்" என்றாள்.

ஊரே அவரை மாமா என்று கூப்பிட்டது. அண்ணன் என்று கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை, எனக்கும்தான். மாமா தலையை மட்டும் ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். வார்டன் அம்மா சரி சரி என்று சொன்ன பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது வேனில் ஊர் வரும்வரை அவர் வாயே திறக்கவில்லை, அஞ்சலைதான் பேசிக்கொண்டு வந்தாள்.

எனக்கு உடன்பிறந்த அண்ணன்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், நன்றாகவே இருக்கிறார்கள். இருந்தும் அன்று சாயங்காலம் முழுவதும் அஞ்சலை மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.